ஆராய்ச்சி மணியும் கைத்தொலைபேசி மணியும்



யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி இணையத்தளம் ஒன்றை நடத்தும் இளைஞர் ஒருவர் அண்மையில் எனக்கு நீண்டதொரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். வாசகர் வருகையை அளக்கும் பகுப்பாய்வு மென்பொருள் ஒன்றைத் தமது தளத்தில் பொருத்தியிருப்பதாகவும், அதில் 40 தானியங்கி எச்சரிக்கைகளை அமைத்திருப்பதாகவும், இனித் தளத்தில் எது நடந்தாலும் கைத்தொலைபேசி மணி அடித்துச் சொல்லிவிடும் என்றும் பெருமிதத்தோடு எழுதியிருந்தார். பழைய பத்திரிகையாளர்களும் இதனைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் இந்தப் பக்கத்தில் எழுத வேண்டுமாம்.

எழுதுகிறேன். ஆனால் அவர் எதிர்பார்த்த விதமாக அல்ல. 40 எச்சரிக்கைகளின் பட்டியலையும் அவர் மின்னஞ்சலோடு இணைத்திருந்தார். அதனை இருமுறை படித்தேன். பக்கப் பார்வை குறைந்தால் ஒரு மணி. புதிய வாசகர் வருகை குறைந்தால் ஒரு மணி. விளம்பரச் சொடுக்கு குறைந்தால், முகநூலிலிருந்து வருவோர் குறைந்தால், காணொளி பார்க்கும் நேரம் குறைந்தால் என்று பட்டியல் நீள்கிறது. தளத்தின் உரிமையாளருக்கு நேரும் நட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி உண்டு. வாசகனுக்கு நேரும் நட்டத்துக்கு ஒரு மணிகூட இல்லை.

இது அந்த இளைஞர் ஒருவருடைய குறையாக இருந்தால் தனிமடலில் பதில் எழுதி முடித்திருப்பேன். நான் அறிந்த தமிழ்ச் செய்தித் தளங்களின் நிர்வாகிகள் பலரும், கொழும்பிலும் சென்னையிலும் ரொறன்ரோவிலும், இதே வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆகவே பொதுவில் பேசுவதே நல்லது.

மணி எப்படி அடிக்கிறது?

விடயம் அறிந்தவர்கள் பொறுத்தருள்க. அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூகிள் நிறுவனம் தனது அனலிட்டிக்ஸ் சேவையை 2005 நவம்பரில் இலவசமாகத் திறந்துவிட்டது. அதன் பின் சிறிய தளம் நடத்துவோரும் தங்கள் பக்கங்களுக்கு எத்தனை பேர், எந்த நாட்டிலிருந்து, எந்த நேரத்தில் வருகிறார்கள் என்பதை அறிய முடிந்தது. பின்னர் மிக்ஸ்பனல், அம்ப்ளிடியூட் போன்ற கருவிகள் வந்தன. ஒரு செயலியில் எந்தப் பொத்தானை எத்தனை பேர் அழுத்தினார்கள் என்பது வரை இவை எண்ணிச் சொல்லும்.

இந்த எண்களை நாள் முழுவதும் ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதற்காகவே தானியங்கி எச்சரிக்கை. இதில் மூன்று வகை உண்டு. ஒன்று, நிலையான எல்லை: ஒரு மணி நேரத்தில் வாசகர் தொகை 500க்குக் கீழே போனால் அறிவி என்று சொல்லிவைப்பது. இரண்டாவது, ஒப்பீடு: கடந்த வாரத்து இதே நாளைவிட 30 வீதம் குறைந்தால் அறிவி என்பது. மூன்றாவது வகையில் மனிதன் எல்லை எதனையும் சொல்வதில்லை. கடந்த சில வாரங்களின் போக்கைப் பார்த்து, இன்றைய எண் இன்ன அளவுக்கும் இன்ன அளவுக்கும் இடையில் இருக்கவேண்டும் என்று இயந்திரமே கணித்துக்கொள்கிறது. எண் அந்த வரம்பைத் தாண்டினால் மணி அடிக்கிறது.

இயந்திரத்துக்கு நான் பகைவன் அல்லன். இரவு இரண்டு மணிக்குத் தளம் முடங்கினால் அதை மனிதனைவிட இயந்திரம் விரைவாகக் கண்டுபிடிக்கும். அதனை மறுப்பவன் மூடன். என் வழக்கு வேறு. ஒரு மணியைக் கட்டுகிறவர் எதை அளப்பது, எதனோடு ஒப்பிடுவது, யாரை எழுப்புவது, எழுந்தவர் என்ன செய்வது என்ற நான்கு கேள்விகளுக்கு விடை சொல்லியாக வேண்டும். இந்த விடைகளை எந்த மென்பொருளும் தராது. நம்மவர்கள் அவற்றைத் தேடாமலே மணிகளை மட்டும் கட்டித் தொங்கவிடுகிறார்கள்.

யாழ்ப்பாணத்து நாள்காட்டி இயந்திரத்துக்குத் தெரியாது

ஒப்பீட்டிலிருந்து தொடங்குவோம். நல்லூர்த் திருவிழா 25 நாள்கள் நடைபெறுவது. யாழ்ப்பாணத்துச் செய்தித் தளம் எதற்கும் அது பெரும் அறுவடைக் காலம். கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் இருப்போர் தேரையும் தீர்த்தத்தையும் இணையத்திலேயே தரிசிக்கிறார்கள். ஆனால் இத்திருவிழா ஆங்கிலத் திகதிக்குக் கட்டுப்பட்டதன்று. 2024இல் ஓகஸ்ட் 9ஆம் திகதி கொடியேறியது; 2025இல் யூலை 29ஆம் திகதியே ஏறிவிட்டது. கடந்த ஆண்டின் இதே வாரத்தோடு ஒப்பிடு என்று இயந்திரத்துக்குச் சொல்லிவைத்தவருக்கு 2025 ஓகஸ்ட் இறுதியில் என்ன நடந்திருக்கும்? 2024இல் அந்த நாள்களில் திருவிழா நடந்துகொண்டிருந்தது. 2025இல் தீர்த்தம் முடிந்து, வீதிகள் கழுவப்பட்டு, கச்சான் கடைக்காரரும் போய்விட்டார்கள். வாசகர்கள் ஓடிவிட்டார்கள் என்று இயந்திரம் அலறியிருக்கும். ஒருவரும் ஓடவில்லை. அமாவாசை முன்கூட்டியே வந்தது, அவ்வளவுதான்.

அடுத்தது நேரம். இலங்கையில் கடிகாரத்தை ஆண்டுக்கு இருமுறை மாற்றும் வழக்கம் இல்லை. ஐரோப்பாவிலும் கனடாவிலும் உண்டு. இலண்டனில் காலை 7 மணிக்குச் செய்தி படிக்கும் தமிழர் கோடையில் நமது நேரம் 11.30க்குத் தளத்துக்கு வருவார். ஒக்ரோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தைப் பின்தள்ளுவார்கள். மறுநாள் அதே மனிதர் 12.30க்கு வருவார். ரொறன்ரோவில் இரவு 8 மணிக்குப் படிப்பவர் நமக்கு அதிகாலை 5.30. நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பின் அவர் 6.30. மணிக்கு மணி ஒப்பிடும் எச்சரிக்கை ஒவ்வொரு ஆண்டும் இந்த இரண்டு வாரங்களிலும் தவறாமல் அடிக்கும். புலம்பெயர்ந்தோரை நம்பி நடக்கும் தளங்களில் இது சிறிய பிசகு அன்று. கருவியின் நேர வலயத்தைக் கலிபோர்னியாவிலேயே விட்டுவைத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய கணக்கில் யாழ்ப்பாணத்து நாள் மதியச் சாப்பாட்டு வேளையில் தொடங்கி மறுநாள் மதியச் சாப்பாட்டில் முடியும்!

மின்சாரம் மூன்றாவது. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு நடைமுறையில் இருந்தது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முற்பகலில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் குரங்கு ஒன்று புகுந்ததே காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். குரங்கை நினைத்து நாடே சிரித்தது. ஆனால் அன்று தனது தளத்தின் உள்நாட்டு வாசகர் எண் சரிந்ததைக் கண்டு மணி அடிக்கப் பெற்ற ஆசிரியர் என்ன செய்வார்? தலைப்பு சூடாக இல்லை என்று உதவி ஆசிரியரைக் கடிந்துகொள்வார். எண் சரிந்தது என்பதை மட்டுமே கருவி சொல்லும். அதற்குக் காரணம் ஒரு குரங்கு என்பதை, வெளியே எட்டிப் பார்க்கும் மனிதன்தான் சொல்லவேண்டும்.

நாளொன்றுக்கு 48 பொய் மணிகள்

இயந்திரம் தானே வரம்பு கணிக்கும் வகையைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். அதன் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். 95 வீத நம்பகத்தில் வரம்பு அமைத்தால், எதுவுமே நடக்காத சாதாரண நிலையிலும் 100 தடவைக்கு 5 தடவை எண் வரம்புக்கு வெளியே போகும். நம் இளைஞரின் 40 எச்சரிக்கைகளும் நாளுக்கு ஒருமுறை சரிபார்க்கப்பட்டால், சராசரியாக நாளொன்றுக்கு 2 பொய் மணிகள். மணிக்கொரு தரம் சரிபார்த்தால் 40ஐ 24ஆல் பெருக்கி, அதில் 5 வீதம் எடுங்கள். நாளொன்றுக்கு 48 பொய் மணிகள்! சராசரியாக அரை மணி நேரத்துக்கு ஒன்று.

சிறிய எண்களில் இன்னும் வேடிக்கை. நேற்று 4 பேர் படித்த பக்கத்தை இன்று 2 பேர் படித்தால் 50 வீத வீழ்ச்சி. மணி அடிக்கும். குறைந்தது இத்தனை பேர் வந்தால் மட்டுமே கணக்கெடு என்று ஓர் அடித்தளம் இட்டுவைக்காதவருக்குத் தூக்கம் இல்லை.

இப்படி அடிக்கும் மணியை மனிதன் எத்தனை நாள் மதிப்பான்? முதல் வாரம் எழுந்து பார்ப்பான். இரண்டாம் வாரம் படுத்தபடியே பார்ப்பான். மூன்றாம் வாரம் ஒலியை நிறுத்திவிடுவான். மெய்யாகவே தளம் எரியும் நாளில் அவன் உறங்கிக்கொண்டிருப்பான். புலி வருகிறது என்று பொய் கூவிய இடையச் சிறுவனின் கதையைப் பாலர் வகுப்பிலேயே படித்தவர்கள் நாம்.

குடாநாட்டு மக்களுக்கு இதனைக் கதையாகச் சொல்லத் தேவையில்லை. போர்க்காலத்தில் வானில் எழும் ஒவ்வோர் ஒலிக்கும் அவர்கள் பதுங்குகுழிக்குள் ஓடவில்லை. ஓடியிருந்தால் சமையலும் நடந்திராது, பள்ளிக்கூடமும் நடந்திராது. சியாமாசெட்டியின் ஒலி வேறு, சகடையின் ஒலி வேறு, ஹெலியின் ஒலி வேறு, பின்னாளில் வந்த கிபிரின் ஒலி வேறு என்று ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. எது எங்கே திரும்புகிறது, எப்போது குத்தி இறங்கும் என்பதைக் காது கணித்தது. ஓடவேண்டிய ஒலிக்கு மட்டும் ஓடினார்கள். அந்த எல்லைக்கோட்டை அனுபவம் உயிரைப் பணயம் வைத்து வரைந்து கொடுத்தது. பக்கப் பார்வைக்கு எல்லைக்கோடு வரைகிறவரோ, கருவி முன்கூட்டியே நிரப்பித் தந்திருக்கும் எண்ணை மாற்றாமல் சரி என்ற பொத்தானை அழுத்திவிடுகிறார்.

மணி அடித்தது, கேட்க ஆள் இல்லை

யாரை எழுப்புவது என்ற கேள்விக்கு வருவோம். இதன் விலையை வடமராட்சி கிழக்கு அறியும்.

2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திரா அருகே கடலடியில் நிலம் நடுங்கியது. அன்றைய இலங்கை நேரப்படி காலை 7 மணிக்கு ஒரு நிமிடம் இருந்தது. ஹவாயிலிருந்த பசுபிக் சுனாமி எச்சரிக்கை நிலையத்தின் கருவிகள் அதனை உடனே பதிவு செய்தன. 15 நிமிடங்களில் முதல் அறிவிப்பு வெளியாயிற்று. அவர்களுடைய பணி பசுபிக் கடலைக் காப்பது. பசுபிக் கரைக்கு ஆபத்தில்லை என்று அறிவித்தார்கள். முதலில் நடுக்கத்தின் அளவை 8.0 என்று குறைவாகக் கணித்திருந்தார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தின் பின் அதனை 8.5 ஆக உயர்த்தி, நடுக்கம் நிகழ்ந்த பகுதியில் சுனாமி எழக்கூடும் என்றும் சொன்னார்கள். யாரிடம் சொல்வது? இந்து சமுத்திரத்துக்கு எச்சரிக்கை அமைப்பு எதுவும் அப்போது இல்லை. இரவோ பகலோ எழுப்பக்கூடிய தொலைபேசி எண் இந்தக் கரைகளில் எங்கும் பட்டியலிடப்பட்டிருக்கவில்லை. அலை இலங்கையின் கிழக்குக் கரையை அடைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் எடுத்தது. மணற்காடு, மருதங்கேணி, உடுத்துறை, ஆழியவளை மக்கள் அந்த இரண்டு மணி நேரமும் ஒன்றும் அறியாமல் தம் ஞாயிற்றுக்கிழமை வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இலங்கை முழுவதிலும் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். உடுத்துறையில் இன்று நினைவாலயம் இருக்கிறது.

அளவைக் கருவி இருந்தது. எண்ணும் கிடைத்தது. எழுப்பவேண்டிய மனிதன் யார் என்பதை ஒருவரும் எழுதிவைத்திருக்கவில்லை.

2011இல் இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை அமைப்பு முறையாகச் செயற்படத் தொடங்கியது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திரா அருகே 8.6 அளவில் மீண்டும் நடுக்கம். இம்முறை இலங்கைக் கரையோர மக்கள் அறிவிக்கப்பட்டு உள்நோக்கிச் சென்றார்கள். பெரிய அலை எதுவும் வரவில்லை. சிலர் அதனை வீண் மணி என்று ஏசினார்கள். நான் ஏசமாட்டேன். அங்கே பொய் மணியின் விலை அரைநாள் அலைச்சல். அடிக்காத மணியின் விலை ஆயிரமாயிரம் உயிர். அத்தகைய இடத்தில் எல்லைக்கோட்டைத் தாழ்த்தி வைப்பதே அறம். பக்கப் பார்வையில் கணக்கு தலைகீழ். அங்கே அடிக்காத மணியின் விலை சில ரூபாய் விளம்பரப் பணம். பொய் மணியின் விலை செய்தியறையின் நிதானம். எந்த விலை பெரிது என்று பார்த்துத்தான் கோடு வரைய வேண்டும்.

சுன்னாகத்துக் கிணறுகள்

எதை அளப்பது என்ற கேள்வியை வேண்டுமென்றே பிந்தி வைத்தேன். அதுவே இவற்றுள் பெரியது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லின் அடியில் தேங்கும் மழைநீரும் அதனை எட்டும் கிணறுகளுமே நமது உயிர்நாடி. சுன்னாகத்தில் அனல் மின் நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் படிந்தது. கயிற்றில் வாளி கட்டி இறைத்த பெண்களுக்கு முதலில் மணத்தால் தெரிந்தது. பின்னர் நீரின் மேல் மினுங்கிய படலத்தால் தெரிந்தது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013, 2014 ஆண்டுகளில் கிணறுகளைச் சோதித்தது. சோதித்தவற்றுள் பெரும்பான்மையானவற்றில் எண்ணெய் குடிநீருக்கான நியமத்தை மீறியிருந்தது. நியமம் என்பது என்ன? ஏற்கனவே வரையப்பட்ட எல்லைக்கோடு. அது மீறப்பட்டது என்ற எண்ணும் கையில் இருந்தது. ஆனால் அந்தக் கோட்டைத் தாண்டிய நொடியில் எந்த அதிகாரியின் தலைமாட்டிலும் மணி அடிக்கவில்லை. 2015 தொடக்கத்தில் மக்கள் வீதியில் இறங்கவேண்டியிருந்தது.

ரவீந்திர குணவர்தன காரியவசம் என்ற சுற்றாடல் ஆர்வலர் 2015இல் அடிப்படை உரிமை மனுவைத் தாக்கல் செய்தார். நாட்டின் உயர் நீதிமன்றம் (இலங்கையில் உச்ச மன்றத்துக்கு அதுவே பெயர்) 2019 ஏப்ரல் 4 அன்று தீர்ப்பளித்தது. மின் நிலையத்தை நடத்திய நொதேர்ண் பவர் நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்றது. எல்லை மீறப்பட்டது என்ற எண் கிடைத்ததிலிருந்து நீதி கிடைப்பது வரை சுமார் ஐந்தாண்டுகள்.

இதற்கும் பகுப்பாய்வு மென்பொருளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். ஒரு பக்கத்தை 30 வீதம் குறைவாகப் படித்தார்கள் என்பதற்கு அறுபதாவது நொடியில் மணி அடிக்கும் காலம் இது. ஒரு கிணற்றில் எண்ணெய் கலந்திருக்கிறது என்பதற்கு அதே குடாநாட்டில் மாதக்கணக்கில் மணி அடிக்கவில்லை. தொழில்நுட்பம் போதாமையால் அல்ல. முதலாவது எண் குறைந்தால் நட்டமடைகிறவர் மணியைக் கட்டும் வசதி படைத்தவர். இரண்டாவது எண் கூடினால் நட்டமடைகிறவர் வாளியோடு நிற்பவர். எதற்கு மணி கட்டப்படுகிறது என்பதைப் பார்த்தால் யாருடைய துயரம் கணக்கில் எடுக்கப்படுகிறது என்பது தெரிந்துவிடும்.

செய்தித் தளங்களில் இந்த அநீதி வேறோர் உருவம் கொள்கிறது. பொய்யான வதந்தி ஒன்றை வெளியிட்டால் பக்கப் பார்வை குறைவதில்லை, ஏறுகிறது. எனவே எந்த மணியும் அடிக்காது. அடித்தால் அது கொண்டாட்ட மணியாகத்தான் இருக்கும். அந்த வதந்தியால் ஒரு குடும்பத்தின் மானம் போயிருக்கும். திருத்தம் வெளியிட்டால் அதனைப் பத்துப் பேர்கூடப் படிக்கமாட்டார்கள். உடனே எண் சரிந்தது என்று மணி அடிக்கும். பொய்க்குப் பரிசும் திருத்தத்துக்குத் தண்டனையும் வழங்கும் இந்த ஏற்பாட்டை நவீன முகாமைத்துவம் என்கிறார்கள்.

எல்லாளனின் கயிறு

தமிழ்நாட்டு வாசகர்கள் ஆராய்ச்சி மணி என்றவுடன் திருவாரூரையும் மனுநீதிச் சோழனையும் நினைப்பார்கள். இலங்கையில் இதே கதை அநுராதபுரத்தை 44 ஆண்டுகள் ஆண்ட எல்லாளனுக்கு உரியது. சொல்வது மகாவம்சம், எல்லாளனை வென்றவனைப் போற்றும் நூல். பகைவனின் நூலே மறைக்க முடியாமல் சொன்ன புகழ் இது.

அங்கே மணி எங்கே தொங்கியது என்பதைக் கவனியுங்கள். அரசனின் படுக்கையின் தலைமாட்டில். இன்று கைத்தொலைபேசி கிடக்கும் அதே இடம்! ஆனால் கயிறு நீண்டு வெளியே போயிற்று. நீதி வேண்டுவோர் எவரும் அதனை இழுக்கலாம். கன்றை இழந்த பசு இழுத்தது. குஞ்சைப் பாம்புக்குப் பறிகொடுத்த பறவை இழுத்தது. நெல்லை உலரப் போட்டிருந்த கிழவி ஒருத்தி, பருவந்தவறிய மழை அதனை நனைத்துவிட்டது என்று இழுத்தாள். மழைக்கு அரசன் என்ன செய்வான்? அது என் துறை அல்ல என்று எல்லாளன் சொல்லவில்லை. மழை உரிய காலத்தில் பெய்யவேண்டுமென நோன்பிருந்தான் என்கிறது நூல்.

கயிறு பாதிக்கப்பட்டவன் கையில். மணி பொறுப்புள்ளவன் தலைமாட்டில். மணி அடித்தால் எழுந்து செய்யவேண்டிய கடமை முன்கூட்டியே நிச்சயம். ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய கதையில் இருக்கும் இந்த ஏற்பாடு நம் தளங்களில் இல்லை. இன்று கயிற்றின் இரு முனைகளும் உரிமையாளரிடமே இருக்கின்றன. தன் நட்டத்தைத் தானே அளந்து, தானே இழுத்து, தானே விழித்துக்கொள்கிறார்.

தளம் பிழைத்தால்தானே வாசகனுக்குத் தொண்டு செய்ய முடியும், வருமானம் குறைந்தால் அறியவேண்டாமா என்று கேட்பார்கள். அறியுங்கள். யார் தடுத்தார்? அதற்கு நாளுக்கு ஒருமுறை காலையில் வரும் ஓர் அறிக்கை போதும். வருமானம் நள்ளிரவில் எழுப்பிப் பார்க்கவேண்டிய நோயாளி அன்று. 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டபோது யாழ்ப்பாணப் பத்திரிகைகள் அச்சுத்தாள் இன்றித் தவித்தன, பக்கங்களைக் குறைத்தன. அந்நாள்களில் எண்ணப்படவேண்டிய எண் ஒன்றே: கையிருப்புத் தாள் இன்னும் எத்தனை நாளுக்கு? அந்த எண் குறைந்தால் செய்யவேண்டியதும் தெளிவாக இருந்தது. பக்கத்தைக் குறை, பிரதியைக் குறை, பத்திரிகையை நிறுத்தாதே. அது மணி கட்டத் தகுந்த எண். வாசகனுக்கு நாளைக்குப் பத்திரிகை கிடைக்குமா என்பதை அது அளந்தது.

நான் கட்டச் சொல்லும் மணிகள்

குறை சொல்வதோடு நிறுத்தினால் கிழவனின் புலம்பல் என்று தள்ளிவிடுவார்கள். ஆகவே 40க்கு மாற்றாக ஐந்து தருகிறேன்.

முதலாவது, மரண அறிவித்தல். உலகெங்கும் சிதறிய நம் மக்கள் தினமும் தேடும் பக்கம் அதுவே. அது ஐந்து நிமிடம் திறக்காவிட்டால் கடமையிலிருக்கும் பொறியியலாளருக்கு மணி அடிக்கட்டும், நள்ளிரவானாலும் சரி. யாழ்ப்பாணத்தில் நாளை தகனம் நடக்கப்போகும் தாயின் முகத்தை நோர்வேயிலிருக்கும் மகன் காண்பதா இல்லையா என்பது அந்த ஐந்து நிமிடத்தில் இருக்கலாம்.

இரண்டாவது, வாசகர் முறைப்பாடு. செய்தியில் பிழை இருக்கிறது என்று ஒருவர் எழுதி 24 மணி நேரமாகியும் பதில் போகவில்லை என்றால் ஆசிரியருக்கு மணி. உதவி ஆசிரியருக்கு அல்ல, ஆசிரியருக்கு. கயிற்றை வாசகன் கையில் கொடுப்பது இதுதான்.

மூன்றாவது, திடீர் ஏற்றம். ஒரு செய்தியின் வாசிப்பு வழக்கத்தைவிடப் பத்து மடங்கு ஏறினால் செய்தி ஆசிரியருக்கு மணி. கொண்டாடுவதற்கு அல்ல. எழுந்து, மூலத்தை மீண்டும் ஒருமுறை விசாரிப்பதற்கு. பொய் என்றால் ஓராயிரம் பேரோடு நிறுத்தலாம்; விடிந்தால் ஒரு இலட்சமாகிவிடும்.

நான்காவது, வேகம். ஊரிலுள்ளவர்கள் மலிவான கைத்தொலைபேசியில், மெதுவான இணைப்பில், காசு கொடுத்து வாங்கிய டேட்டாவில் படிக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கம் திறக்க எடுக்கும் நேரம் குறித்த அளவைத் தாண்டினால் தொழில்நுட்பப் பொறுப்பாளருக்கு மணி. சேர்க்கப்பட்ட புதிய விளம்பரத்தைக் கழற்றுவதே பெரும்பாலும் அவர் செய்யவேண்டிய வேலையாக இருக்கும்.

ஐந்தாவது, மௌனம். எண் ஒன்று வராமலிருப்பதற்கும் இந்தக் கருவிகளில் மணி கட்டலாம். குடாநாட்டின் பிரதேச செயலகப் பிரிவுகளைப் பட்டியலிடுங்கள். 14 நாள்களாக ஒரு பிரிவிலிருந்து ஒரு செய்திகூட வரவில்லை என்றால் செய்தி ஆசிரியருக்கு மணி அடிக்கட்டும். நெடுந்தீவுக்கு அது அடிக்கடி அடிக்கும் என்று நினைக்கிறேன். மருதங்கேணிக்கும் அடிக்கும். அடித்தால் ஒருவர் குறிகட்டுவானுக்குப் போய்ப் படகு ஏறவேண்டும்.

ஒவ்வொரு மணிக்கும் ஒரு பெயரை எழுதுங்கள். அந்தப் பெயருக்குரியவர் செய்யவேண்டியதை ஒரே வரியில் எழுதுங்கள். அந்த வரியை எழுத முடியாவிட்டால் மணியைக் கட்டாதீர்கள். தொடர்ந்து மூன்று முறை அடித்தும் ஒருவரும் ஒன்றும் செய்யத் தேவைப்படவில்லை என்றால் அந்த மணியை அவிழ்த்துவிடுங்கள். நல்லூர்க் கொடியேற்றத்தையும் அமாவாசையையும் ஐரோப்பாவின் கடிகார மாற்றத்தையும் கருவியின் நாள்காட்டியில் மனிதக் கையால் பதியுங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் 2012 முதல் கீக் சலேஞ்ச் போட்டிகள் நடக்கின்றன. வெளிநாட்டு நிறுவனங்களின் செயலிகளுக்கு இங்கிருந்தபடியே எச்சரிக்கை அமைத்துக் கொடுக்கும் பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். யாரோ ஒரு அந்நியன் தன் பொருள்வண்டியை நிரப்பாமல் போனால் அடிக்கும் மணியை உங்களால் கட்ட முடியும் என்றால், வலிகாமத்துக் கிணற்று நீரின் சோதனை எண் நியமத்தைத் தாண்டினால் அந்தக் கிணற்றுக்காரருக்கும் பிரதேச சபைக்கும் பத்திரிகைக்கும் ஒரே நொடியில் அடிக்கும் மணியையும் கட்ட முடியும். திறமை உங்களிடம் இருக்கிறது. எண்கள் அலுவலகக் கோப்புகளில் இருக்கின்றன. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் அந்தக் கோப்புகளைக் கேட்கும் உரிமையையும் தந்திருக்கிறது.

மின்னஞ்சல் எழுதிய இளைஞருக்கு இந்தப் பதிவின் இணைப்பை அனுப்புகிறேன். 40இல் 35ஐ இன்றே அவிழ்க்கலாம். மீதியை வைத்துக்கொண்டு, கயிற்றின் மறுமுனையை வெளியே வாசகன் நிற்கும் இடத்துக்குக் கொண்டுபோகட்டும். அதைச் செய்துவிட்டு எழுதினால், பழைய பத்திரிகையாளர்கள் கற்றுக்கொள்ளவேண்டியது இது என்று இதே பக்கத்தில் நானே எழுதுவேன்.